சாவி கைமாறும் நாள்

“டோனா எர்மெலிந்தா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க வக்கீலய்யா. தட்டு கனமா இருக்கு, சீக்கிரம் கேளுங்க.”

“இன்னைக்கு வேண்டாம். இன்னைக்கு நான் ஜெயிச்சவன். பதவி கைக்கு வந்த அன்னைக்கே, தோத்தவர் வீட்டுப் பொண்ணுகிட்ட ஒண்ணைக் கேட்டா அது திமிர் மாதிரித் தெரியும்.”

“அப்ப எப்பக் கேப்பீங்க?”

“தோத்த பிறகு.”

“தோத்த பிறகு கேட்டா எப்படித் தெரியும்?”

பெல்ஷியோர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். தட்டில் இருந்த ஆட்டுக்கறி ஆறிக்கொண்டிருந்தது.

“அது… பதவி போனதுக்கு ஆறுதல் தேடுற மாதிரித் தெரியுமோ?” என்றார்.

சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் உள்ள குறுகலான நடையில் இந்தப் பேச்சு நடந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்கு எர்மெலிந்தா சிரித்துவிட்டாள். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. என்ன கேட்கப்போகிறார் என்பது நன்றாகத் தெரிந்ததால் வந்த சிரிப்பு அது. இப்போது முப்பத்தாறு. சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. மனசுக்குள் வைத்திருந்த பதில் மட்டும் அன்று என்னவோ அதேதான் இன்றும்.

பென்யவேர்டே ஊரில் எல்லாமே இரண்டிரண்டு. மருந்துக்கடை இரண்டு, முடிதிருத்தும் கடை இரண்டு, பேண்டு வாத்தியக் குழு இரண்டு. காலை எட்டு மணிப் பூசைக்குப் புத்துயிர்க் கட்சிக்காரர்கள் போவார்கள், பத்து மணிப் பூசைக்கு முற்போக்குக் கட்சிக்காரர்கள். சதுக்கத்தின் கிழக்குப் பக்கம் நடப்பவர் இன்னார், மேற்குப் பக்கம் நடப்பவர் இன்னார் என்று நாய்க்குக்கூடத் தெரியும். ஆனால் இரு கட்சிக்கும் என்ன வித்தியாசம் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டுவிட்டால் இரண்டு தரப்பும் ஒன்று சேர்ந்து மனம் வருந்தும். இரண்டுக்குமே ராஜா வேண்டும். இரண்டுக்குமே அரசியல் சட்டமும் வேண்டும். எதுவும் அவசரப்பட்டு நடந்துவிடக் கூடாது என்பதில் இரண்டுக்கும் ஒரே பிடிவாதம்.

லிஸ்பனில் ஒரு மந்திரிசபை கவிழ்ந்தால் அடுத்த கட்சி வரும். உடனே பென்யவேர்டேயிலும் வட்டார நிர்வாகி மாறுவார். புத்துயிர்க் கட்சி என்றால் எர்மெலிந்தாவின் அண்ணன் சில்வேரியோ. திராட்சைத் தோட்டக்காரர், மனைவியை இழந்தவர், கோபமே வராத மனிதர். முற்போக்குக் கட்சி என்றால் வக்கீல் பெல்ஷியோர். நிர்வாகி மாறும்போது தபால் பையைத் தூக்குகிறவர் மாறுவார், சாலை மேஸ்திரி மாறுவார், தெருவிளக்கு ஏற்றுகிறவர் தன் ஏணியை எதிர்க்கட்சி விளக்குக்காரர் தோளில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போவார்.

ஒரு முறை இப்படி மாறிய நாளில் இரண்டு பேண்டுக்காரர்களும் சதுக்கத்தில் மோதி, வாசிக்கிற கருவிகளாலேயே அடித்துக்கொண்டார்கள். பெரிய ஊதுகுழல் ஒன்று நசுங்கி, அதற்குப் பிறகு எதை வாசித்தாலும் பசுமாடு கத்துவது போலவே கேட்டது. அதைச் சகிக்க முடியாத பாதிரியார் ஒரு ஏற்பாடு செய்தார். பதவி இழந்தவர், பதவிக்கு வந்தவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு மதிய விருந்து போட வேண்டும். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை ஊரில் ஒருவரும் சண்டை போடக் கூடாது. அந்த வழக்கம் நிலைத்துவிட்டது.

ஆகவே சதுக்கத்தின் கிழக்கில் இருந்த எர்மெலிந்தாவும் மேற்கில் இருந்த பெல்ஷியோரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டுமென்றால், அதற்கு நாட்டின் அரசாங்கம் கவிழ்ந்தாக வேண்டும்.

முதல் ஏழு வருஷத்தில் அது மூன்றே தடவைதான் கவிழ்ந்தது. பெரிய ராஜா போய், மீசை சரியாக முளைக்காத இளம் ராஜா வந்த பிறகு நிலைமை தலைகீழானது. மந்திரிசபைகள் பழுத்த அத்திப்பழம் போல விழத் தொடங்கின. ஒன்று பத்து மாதம் தாங்கியது. இன்னொன்று நான்கு மாதம். பத்திரிகையைப் படித்துவிட்டு சில்வேரியோ, “நாடு போச்சு லிந்தா, நாடு போச்சு” என்று தலையில் கை வைத்துக்கொள்வார். எர்மெலிந்தா “ஐயோ பாவம்” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்ப் பாட்டு முணுமுணுப்பாள். முடியாட்சி சரிந்துகொண்டிருக்கிறது என்பதில் சந்தோஷப்பட்ட ராஜ விசுவாசி அந்த நாட்டிலேயே அவள் ஒருத்திதான்.

ஆனால் பெல்ஷியோர் கேட்கவில்லை. ஜெயித்து வந்தபோது திமிராகத் தெரியுமே என்று கேட்கவில்லை. தோற்றபோது பரிதாபமாகத் தெரியுமே என்று கேட்கவில்லை. ஒரு தடவை அவர் வீட்டுத் தோட்டத்தில், எலுமிச்சை மரத்தடியில், சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். அவர் அதைத் தனக்குள் ஒரு முறை படித்துப் பார்த்தார்.

“இரண்டாவது பத்தி முதல் பத்திக்கு முரணா இருக்கு. திருத்தி எடுத்துட்டு வர்றேன்” என்று திரும்ப மடித்து வைத்துக்கொண்டார்.

“பரவாயில்ல, முதல் பத்தியை மட்டும் படிங்களேன்.”

“அரைகுறையாப் படிக்கிறது உங்களுக்கு மரியாதை இல்லை டோனா எர்மெலிந்தா.”

வேலைக்காரி ஸுல்மிரா இதைக் கேட்டுவிட்டு, வீடு திரும்பும் வழியெல்லாம் புலம்பினாள். “அந்த மனுஷன் செருப்பு போடுறதுக்கு முன்னாடிகூட இடது காலா வலது காலான்னு ஓட்டெடுப்பு நடத்துவாரு சின்னம்மா. நீங்க அவரை நம்பி உட்கார்ந்திருக்கீங்க பாருங்க, உங்களைச் சொல்லணும்.”

எர்மெலிந்தாவுக்கு அவரிடம் பிடித்ததே அதுதான், எரிச்சலூட்டியதும் அதுதான். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வாதத்தை மறந்துவிட்டால் எழுந்து நினைவுபடுத்துகிறவர் அவர். அப்படிப்பட்ட ஒருவர் ஒரு பெண்ணைக் காயப்படுத்த மாட்டார். பெண் கிழவியாகும் வரை காத்திருக்க வைப்பார், அவ்வளவே.

இந்த வசந்தத்தில் விஷயம் வேறு மாதிரி ஆனது. பதவியில் இருந்தவர் சில்வேரியோ. ஒரு நாள் காலை, ரொட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டே அவர் சொன்னார்:

“லிந்தா, இந்தத் தடவை கவிழ்ந்ததும் நான் நிறுத்திக்கிறேன். வீட்டைப் பூட்டிட்டு வியானாவுக்குப் போயிடலாம். அக்கா எத்தனை வருஷமாக் கூப்பிடுறா. கடல் காத்து உனக்கும் நல்லது.”

“எனக்கு என்ன கேடு இப்ப?”

“ரெண்டு சலூன்லயும் குடியரசுப் பேச்சுதான். இன்னும் எத்தனை நாளைக்கு? ராஜா போயிட்டா நிர்வாகியும் இல்லை, விருந்தும் இல்லை. துரத்துறதுக்கு முன்னாடி நாமளே போயிடுறது கௌரவம்.”

அவள் காப்பிப் பாத்திரத்தை மேஜையில் வைத்தாள். அடுத்த விருந்துதான் கடைசி விருந்து. அதிலும் பெல்ஷியோர் ஜெயித்தவராகத்தான் வருவார். ஜெயித்தவராக வந்தால் கேட்க மாட்டார்.

அன்றிலிருந்து அவள் பத்திரிகை படிப்பது ஒரு சித்திரவதை ஆனது. கவிழ்ந்தால் அவரைப் பார்க்கலாம். கவிழ்ந்தால் வியானா. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒரு மந்திரிசபையின் நீண்ட ஆயுளுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாள். அதுவும் எட்டு மணிப் பூசையில் ஒன்று, முக்காடு போட்டுக்கொண்டு பத்து மணிப் பூசையில் ஒன்று.

பலிக்கவில்லை. புதன்கிழமைப் பத்திரிகையில், ‘மந்திரிசபையில் பூரண ஒற்றுமை நிலவுகிறது’ என்று முதன்மை மந்திரி அவையில் அறிவித்திருந்தார். எர்மெலிந்தா பெருமூச்சு விட்டாள்.

“ஸுல்மிரா, கசாப்புக் கடைக்குப் போயிட்டு வா. இளம் ஆடு ஒண்ணு.”

“அதுக்குள்ளயா? போன கறியோட எலும்பையே நாய் இன்னும் முழுசாக் கடிச்சு முடிக்கலையே.”

“பூரண ஒற்றுமைன்னு போட்டிருக்கான்.”

“அடக் கடவுளே” என்று ஸுல்மிரா கூடையை எடுத்தாள். “அப்ப நாளைக்கேதான்.”

கறியைப் பூண்டு, வெள்ளை ஒயின், பிரிஞ்சி இலை போட்டு ஒரு ராத்திரி ஊற வைக்க வேண்டும். அரசாங்கம் கவிழும் செய்தி பென்யவேர்டேயில் முதலில் தெரிவது அந்த ஆட்டுக்குத்தான் என்று சில்வேரியோவே கிண்டல் செய்வதுண்டு.

வியாழன் காலை பத்தரைக்குத் தந்தி அலுவலகத்து அனக்லேத்தோ தொப்பி இல்லாமல் சதுக்கத்தில் ஓடி வந்தார். ‘மந்திரிசபை ராஜினாமா. ராஜா ஏற்றார்.’ அவ்வளவுதான் தந்தி. புது மந்திரிசபை யாருடையது என்று அதில் இல்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. ஒன்று போனால் மற்றது. இத்தனை காலமாக அப்படித்தானே? முற்போக்குக் கட்சி மருந்துக்கடை வாசலிலிருந்து வாணங்கள் சீறிக் கிளம்பின. மேற்குப் பக்கத்துப் பேண்டு பித்தான்களை மாட்டிக்கொண்டே வாசிக்க ஆரம்பித்தது. நசுங்கிய ஊதுகுழல் உற்சாகமாகக் கத்தியது. விளக்குக்காரர் ஏணியைக் கைமாற்றினார். பன்னிரண்டு மணிக்கு நகர மண்டபப் படியில் சில்வேரியோ தோளிலிருந்த பதவிப் பட்டையைக் கழற்றி, சாவிக்கொத்தை பெல்ஷியோரின் கையில் வைத்தார்.

“பெரிய பீரோவோட சாவி மட்டும் கொஞ்சம் இடக்குப் பண்ணும் வக்கீலய்யா. தூக்கித் திருப்பணும்.”

“தெரியும் ஐயா. போன தடவை நான்தானே உங்களுக்குச் சொன்னேன்.”

ஒரு மணிக்கு மூன்று பேரும் மேஜையில் இருந்தார்கள். பெல்ஷியோருக்கு நாற்பத்து நான்கு வயது, காதோரம் நரை. கறுப்புக் கோட்டில் ரோஜா செருகியிருந்தார். ஜெயித்தவருக்கு அது அதிகப்படியோ என்று நினைத்து, கதவருகே வந்தபோது அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டதை எர்மெலிந்தா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

கீரைச் சூப்பைப் பரிமாறும்போது அவள் கேட்டாள். “நாங்க வியானாவுக்குப் போறோம். தெரியுமா?”

அவர் கரண்டி சூப்பிலேயே நின்றது. “எப்ப?”

“திங்கட்கிழமை” என்றார் சில்வேரியோ. “உங்க ஆட்சியிலதான் எங்க பெட்டி வண்டியேறப் போகுது. சாலையைக் கொஞ்சம் சரி பண்ணி வைங்க.”

“ஒரு பக்கம் பார்த்தா கடல் காத்து நல்லதுதான்” என்றார் பெல்ஷியோர் மெதுவாக. “இன்னொரு பக்கம்…”

“இன்னொரு பக்கம்?” என்றாள் எர்மெலிந்தா.

அவர் வாய் திறந்தது. கை சாவிக்கொத்தைத் தொட்டது. வாய் மூடிக்கொண்டது. சாவி மேஜையில், ரொட்டிக்குப் பக்கத்தில், ஜெயித்தவருடையதாகக் கிடந்தது. அவள் சூப்புப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஸுல்மிரா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கறித் தட்டை அவள் கையில் கொடுத்தாள்.

அப்போது வாசற்கதவு தட்டப்பட்டது. அனக்லேத்தோ. இந்தத் தடவை தொப்பி தலையில் இருந்தது. அதைக் கழற்றிக் கையில் வைத்துப் பிசைந்தார்.

“மன்னிக்கணும். இரண்டாவது தந்தி வந்திருக்கு.”

“இரண்டாவதா?” என்றார் சில்வேரியோ. இரண்டாவது என்று ஒன்று இருக்க முடியும் என்பதே அவருக்குத் தோன்றியதில்லை.

அனக்லேத்தோ தொண்டையைச் செருமிப் படித்தார். புது மந்திரிசபை இரண்டு கட்சியையும் சேராதது. இரு கட்சியினரும் எங்கும் பொறுப்பு ஏற்க வேண்டாம். ஏற்றிருந்தால் விலகவும். புது நிர்வாகி அனுப்பப்படும் வரை சாவி தந்தி அலுவலகத்தில் இருக்கட்டும். இப்படிக்கு, மாவட்ட ஆளுநர்.

வெளியே பேண்டு ஒரு மார்ச் பாட்டின் நடுவில் நின்றது. ஊதுகுழல் மட்டும் இன்னும் இரண்டு தடவை கத்திவிட்டு அடங்கியது. அனக்லேத்தோ கையை நீட்டிக்கொண்டு நின்றார், காணிக்கைத் தட்டு ஏந்தியவர் போல. பெல்ஷியோர் சாவியை எடுத்தார். யாரிடம் கொடுப்பது சரி என்று குழம்பி முதலில் சில்வேரியோவிடம் நீட்டினார். சில்வேரியோ அதை முறைப்படி வாங்கி, முறைப்படி அனக்லேத்தோவிடம் கொடுத்தார். அனக்லேத்தோ அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஓடினார்.

பெல்ஷியோர் நாற்காலியைத் தள்ளி எழுந்தார்.

“நான் கிளம்புறேன் ஐயா.”

“ஏன்?”

“இது பதவிக்கு வந்தவருக்குப் போடுற விருந்து. நான் வரலையே. இந்தக் கறியைச் சாப்பிட எனக்கு உரிமை இல்லை.”

சில்வேரியோ யோசித்தார். “அதுவும் நியாயம்தான். ஆனா விருந்து போட எனக்கும் உரிமை இல்லையே. நான் பதவியை உங்ககிட்ட இழக்கலை. பார்க்கப்போனா யார்கிட்டயும் இழக்கலை. சும்மா இழந்தேன்.”

“அப்ப இது விருந்தே இல்லை.”

“இல்லைதான். ஆனா சூப்பு சாப்பிட்டாச்சே.”

“சூப்பை நல்லெண்ணத்தோட சாப்பிட்டதா எடுத்துக்கலாம். தந்தி வர்றதுக்கு முன்னாடி சாப்பிட்டது செல்லும்.”

“கறி?”

“கறி தந்திக்குப் பின்னாடி.”

எர்மெலிந்தா கறித் தட்டோடு சமையலறை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்று ராத்திரி முழுக்க ஊறி, காலையிலிருந்து அடுப்பில் வெந்து, தோல் முறுகி, அடியில் சோறு நெய்யில் மின்னும் கறி. ஒன்பது வருஷத்தில் ஏழு விருந்து, அதில் நாலு இந்த வீட்டில் அவள் சமைத்தது. இரண்டு பெரிய மனிதர்கள், வெந்த கறிக்கு நியாயம் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். திடீரென்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பழைய சிரிப்பு, இருபத்தேழு வயதுச் சிரிப்பு. தட்டே ஆடியது.

“உட்காருங்க ரெண்டு பேரும்” என்றாள்.

“லிந்தா, முறைன்னு ஒண்ணு…”

“உட்காருங்கண்ணா. வக்கீலய்யா, நீங்களும்தான். முறை எல்லாம் இப்பத்தான் அனக்லேத்தோ கையில தொங்கிட்டுப் போச்சு.”

இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் தட்டை மேஜை நடுவில் வைத்தாள். தானும் உட்கார்ந்தாள். கையைத் துடைத்தாள்.

“அண்ணா, நான் வியானாவுக்கு வரலை.”

சில்வேரியோ திகைத்தார். “வரலையா? அக்கா அறை எல்லாம் சுத்தம் பண்ணி வச்சிருக்கா. உனக்குன்னு ஜன்னல்கூடப் பார்த்து வச்சிருக்கா. ஏன் வரலை?”

“அதை என்கிட்டக் கேக்காதீங்க. இவரைக் கேளுங்க.”

“வக்கீலய்யாவையா?” சில்வேரியோ திரும்பினார். “நீ வியானாவுக்கு வராததுக்கு வக்கீலய்யா என்ன பண்ணுவாரு?”

“அதான் அண்ணா, ஒண்ணும் பண்ணலை. ஒன்பது வருஷமா.”

கதவுக்குப் பின்னால் ஸுல்மிரா, “ஆமா, அப்படிச் சொல்லுங்க” என்று சத்தமாகவே சொன்னாள்.

பெல்ஷியோர் சிவந்து போனார். காதோர நரைகூடச் சிவந்தது போல இருந்தது. அவர் சில்வேரியோவைப் பார்த்தார். பதவி இல்லாத மனிதர். தன் கைகளைப் பார்த்தார். சாவி இல்லாத கைகள். ஜெயித்ததும் இல்லை, தோற்றதும் இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு சாக்கும் இல்லாமல் ஒரு மேஜை முன்னால் அவர் உட்கார்வது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. அது அவருக்கு மெதுவாகப் புரிவதை எர்மெலிந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். உதவிக்குப் போகக் கூடாது என்று மேஜைக்கடியில் விரல்களைக் கோத்து இறுக்கிக்கொண்டாள்.

அவர் எழுந்து நின்றார். அவையில் பேசப் போகிறவர் போலக் கோட்டை இழுத்துவிட்டார்.

“மதிப்பிற்குரிய சில்வேரியோ ஐயா, இந்த விஷயத்தை ஒரு பக்கம் பார்த்தோம்னா…”

“ஒரே ஒரு பக்கம்தான் இருக்கு” என்றாள் எர்மெலிந்தா. “அந்தப் பக்கத்துல நான் உட்கார்ந்திருக்கேன்.”

சில்வேரியோ தங்கையைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார், மறுபடி தங்கையைப் பார்த்தார். “ஓ” என்றார். இன்னொரு தடவை, நீளமாக, “ஓஹோ” என்றார். “ஏழு விருந்தாவா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அடப் பாவிங்களா, நான் பாட்டுக்குக் கறியைத் தின்னுட்டு இருந்திருக்கேனே!” என்று சொல்லிவிட்டு, கத்தியையும் முள்கரண்டியையும் சத்தமில்லாமல் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

பெல்ஷியோர் அண்ணன் பக்கத்திலிருந்து திரும்பினார். மேஜையைச் சுற்றி நடந்து அவள் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். அவர் உதடுகள் ஏதோ ஒரு முன்னுரைக்குத் தயாராகி, பிறகு அதைக் கைவிட்டன.

“எர்மெலிந்தா” என்றார். அவள் பெயருக்கு முன்னால் மரியாதைக்குச் சேர்க்கும் ‘டோனா’ இல்லாமல் அவர் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. “நாளைக்கு எந்த அரசாங்கமும் கவிழாது. நாளன்னைக்கும் கவிழாதுன்னு வச்சுக்குவோம். ஆனாலும் நாளைக்கும் நாளன்னைக்கும் நான் உங்ககூட ஒரே மேஜையில சாப்பிடணும். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”